எதிர்வீட்டை மறைத்த கதை

என் பி.ஜி.டி.சி.ஏ. சான்றிதழைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றது, என் பெயரைப் பல வண்ணங்களில் வளைத்து எழுதுவது மட்டும்தான். ஆனால் திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நான் 'கம்ப்யூட்டர் படிச்ச மருமக'. மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?) ஒரு தடவைகூட 'தெரியாது' என்று சொன்னதில்லை.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். எங்கள் கேட் ஓரத்தில் யாரோ தினமும் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போனார்கள். ஆளைப் பிடித்தே தீருவதென்று மாமா, அதாவது என் மாமனார், போர்டிகோவில் ஒரு கேமரா மாட்டினார். படம் ஹால் டி.வி.யில் தெரியும். மாட்ட வந்தவர் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

படத்தில் போர்டிகோ பளிச்சென்று இருந்தது. வெயிலடிக்கும் தெருவோ வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி.

"குப்பை போடுறவன் தெருவுலதான நிப்பான்? அங்கிட்டு ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றார் மாமா.

"எக்ஸ்போஷரக் கொறைச்சாச் சரியாப் போயிரும் மாமா" என்றேன். (அந்த வார்த்தையை மெனுவில் பார்த்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.)

குறைத்தேன். தெரு தெளிந்தது. போர்டிகோவில் நிற்பவர்கள் எல்லோரும் வெறும் நிழலாகிப் போனார்கள். அங்கே நின்றிருந்த அத்தை, திறந்த கதவு வழியே ஹால் டி.வி.யில் தன்னையே பார்த்துவிட்டு, "யாரு இந்தப் பொம்பள, நம்ம வாசல்ல நிக்கிறா?" என்று பதறினார். அதைவிடப் பெரிய வினை, எதிர்வீட்டு வராந்தா துல்லியமாகத் தெரிந்ததுதான்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற மரகதம் டீச்சரும் அவர் கணவர் தங்கராஜ் சாரும் இருந்தார்கள். நகராட்சித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் கோடையில், அவர்கள் வீட்டு போர்வெல்லிலிருந்து ஓஸ் குழாய் போட்டுத்தான் எங்கள் தொட்டி நிறையும். அவர்களைப் பகைத்துக்கொண்டால் குளியல் கிடையாது.

மாமா சீரியல் பார்ப்பதையே விட்டுவிட்டார். மூன்றாம் நாள் தெருவில் டீச்சரைப் பார்த்ததும் நிஜமான அக்கறையோடு கேட்டார்: "டீச்சர், நேத்து சாயங்காலம் மூணு அதிரசம் சாப்ட்டீகளே, ஒங்களுக்குச் சுகர் இருக்குல்ல?"

பக்கத்திலேயே சார் நின்றுகொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் டீச்சர் எங்கள் ஹாலில் நின்றார். "எங்க வீட்ட மறைக்கணும். நாளைக்கு வந்து என் கண்ணால பாப்பேன். மறையலைன்னா ஓஸு கிடையாது."

அத்தை என்னைப் பார்த்தார். நான் "அதுக்கென்ன!" என்று சொல்லிவிட்டு மெனுவுக்குள் இறங்கினேன். இறங்கினேன், இறங்கினேன், கிணறு மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஓரிடத்தில் படத்தின் மேல் கட்டங்கள் தோன்றின. எதிர்வீட்டின் மேலிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக அமுக்க, அவை சிவப்பாயின. கட்டைவிரல் வீங்கியபோது வராந்தா முழுக்கச் சிவப்பு. சேமித்த கையோடு கரண்ட் போய்விட்டது. (அந்த வருடங்களில் கரண்ட் இருந்தால்தான் செய்தி.) கரண்ட் வந்த பிறகு சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை! எதிர்வீட்டுக்கும் 'மறைச்சாச்சு' என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் டீச்சர் வந்து உட்கார்ந்த பிறகுதான் டி.வி. அருகிலிருந்த கேமராப் பெட்டியை ஆன் செய்து படத்தைப் போட்டேன். வராந்தா அப்படியே தெரிந்தது, கொடியில் காயும் துண்டு உட்பட.

"மறைச்சிட்டேன்னு சொன்ன?"

"செத்த நேரம் இருங்க டீச்சர், மெதுவாத்தான் மறையும்" என்றேன். (மெதுவாக மறைய அதென்ன சூரியனா?)

அப்போது எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு சார் வெளியே வந்தார். உடனே அந்தப் பெட்டி "கீங்... கீங்..." என்று அலறியது. நான் பாடுபட்டுச் சிவப்படித்தது மறைப்பதற்கான இடமே அல்ல. அங்கே யாராவது அசைந்தால் அலாரம் அடிப்பதற்கான இடம்! சார் இரண்டு பக்கமும் பார்த்தார். கீங். லுங்கி மடிப்பிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். கீங். பற்றவைத்தார். கீங், கீங்.

"விட்டு ரெண்டு வருசமாச்சுன்னாரு" என்றார் டீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இதச் செத்த பெருசாக் காட்ட முடியுமா?" என்றார்.

அந்த ரிமோட்டில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே பட்டன் அதுதான். மூளை இருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். அமுக்கினேன்.

அன்று சாயங்காலம் ஓஸை உருவியவர் டீச்சர் அல்ல, சார். அதற்குப் பிறகு மூன்று வாரம் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினேன். தினமும் குளிக்கப் போகும் முன் என் கணவர், "மருமக கம்ப்யூட்டர் படிச்சவ" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அரை வாளியோடு உள்ளே போவார். கேமரா மாட்டியவரை மாமா தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். அவர் வேறொரு மெனுவுக்குப் போய் இரண்டே நிமிடத்தில் எதிர்வீட்டின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் போட்டார். "முன்னாடி இதுல யாரு கைய வச்சது?" என்று கேட்டார். வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். சார் நேரில் வந்து, அந்தக் கறுப்பை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்த பிறகுதான் ஓஸ் திரும்பி வந்தது.

டீச்சர் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் காலிங் பெல்லைத் தொடுவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, "கீங்... கீங்..." என்கிறார். வீட்டில் எத்தனை பேர் கும்பலாக உட்கார்ந்திருந்தாலும், எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டியவள் நான்தான்.