செகப்புப் பொம்மை சாப்பிட்ட கல்யாணம்

தில்லியில் கோடி ஜனங்கள் இருக்கட்டும். தும்மல் வந்தால்கூட ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத் தும்முகிற மனிதர் அங்கே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ட்ரையல் சார்.

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் நான் அட்டெண்டராக இருந்தேன். இரும்பை வெட்டும் மெஷின், சாமானை எடுத்து வைக்கும் இயந்திரக் கை, சுவர் அகலத்துக்கு ஒரு திரை என்று கூடம் நிறைய இருக்கும். யாராவது தொழிற்சாலை கட்டப் போகிறார்கள் என்றால், முதலில் அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, பொம்மை ஆட்களை உள்ளே நடக்கவிட்டு, எங்கே கூட்டம் முட்டுகிறது, எங்கே வேலை நிற்கிறது என்று அந்தத் திரையில் பார்த்துவிடுவார்கள். அதற்குப் பொறுப்பு ட்ரையல் சார். கோயம்புத்தூர்க்காரர், கல்யாணம் ஆகாதவர், முனிர்காவில் ஒற்றை அறையில் குடியிருந்தார். மெஷினோடு பேசுவதில் பாதிகூட மனுஷரோடு பேச மாட்டார்.

காலையில் கூடத்தைத் திறந்ததும் "முருகா" என்று சொல்லி இயந்திரக் கைக்குக் குங்குமப் பொட்டு வைப்பது என் வழக்கம். ஒருநாள் அந்தக் கை மத்தியானம் வரை வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. ட்ரையல் சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, நீங்க பொட்டு வெச்சது நெத்தியில இல்லீங்க. அது கண்ணுங்க."

திட்டவில்லை. மறுநாள் பார்க்கிறேன், பொட்டு வைக்கத் தோதான இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தால், முந்தின நாளே பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரம் வரை நடந்து பார்த்துவிட்டு வருவார். மே மாத வெயிலில் சரோஜினி நகரில் ஸ்வெட்டர் வாங்கினார். குளிர் தாங்குமா என்று தெரிய வேண்டாமா? அதைப் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டிப் பெட்டிக்குள் தோள் வரை கையை விட்டு நின்றார். "பையா, உனக்கு ஐஸ்கிரீம் வேணுமா, ஆஸ்பத்திரி வேணுமா?" என்று வண்டிக்காரன் ஹிந்தியில் கேட்டானாம்.

இப்படிப்பட்டவர் என் மகள் கல்யாணத்தில் புகுந்தார்.

ஜனக்புரியில் எங்கள் வசதிக்குத் தக்கபடி கிடைத்த மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம் ரொம்பச் சின்னது. மாப்பிள்ளையின் பெரியப்பாவோ, இலைக்குக் காக்க வைத்தார்கள் என்று ஒரு கல்யாணத்தில் கோபித்துப் போய், அந்த வீட்டோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவர். என் பெண் வாழப்போகிற வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். எனக்குத் தூக்கம் போயிற்று. மெஷினைத் துடைத்துக்கொண்டே முருகனிடம் புலம்பினேன். ட்ரையல் சார் காதில் விழுந்துவிட்டது.

"ஒரு ட்ரையல் பாத்தரலாமுங்கண்ணா."

வேலை நேரம் முடிந்த ஒரு சாயங்காலம், சுவரகலத் திரையில் என் மகளுடைய கல்யாணப் பந்தி ஓடியது. வரிசை வரிசையாக இலைகள். நீல நீலமாகப் பொம்மை விருந்தாளிகள். பெரியப்பா மட்டும் நல்ல செகப்பு.

"இது யாரு சார், கை கழுவுத இடத்துலயே நிக்கது?"

"உங்க மச்சானுங்க. குழா ஒண்ணுதானுங்களே, முட்டிக்கிட்டாரு."

"நெசத்துலயும் அவன் அப்படித்தான் நிப்பான் சார்."

குழாயை இரண்டாக்கினார். ரசம் ஊற்றுகிறவரை முன்னால் நகர்த்தினார். சடங்கெல்லாம் முடித்துவிட்டுப் பெரியப்பா இரண்டாம் பந்திக்கு வரும்போது, அவருக்கு இலை தயாராக இருந்தது. தினமும் ஓட்டிப் பார்த்தார். தினமும் செகப்புப் பொம்மை கௌரவமாக உட்கார்ந்து சாப்பிட்டது.

கல்யாணத்தன்று முதல் பந்தி சாப்பிட்டு முடித்தது. பாயசமும் ஆயிற்று. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை! முன்பு ஒரே காலனியில் இருந்து, நொய்டாவுக்கும் குர்காவுனுக்கும் சிதறிப்போன தமிழ்க் குடும்பங்கள் பல வருஷம் கழித்துப் பக்கத்துப் பக்கத்து இலையில் சந்தித்திருக்கின்றன. கை காய்ந்தும் பேச்சு காயவில்லை.

வாசலில் பெரியப்பா.

"என்ன சம்மந்தி, இலைக்கு க்யூவா? டிரைவரைக் கூப்பிடுங்க."

என் மனைவி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். அப்போது, யாரிடமும் நிமிர்ந்து பேசாத ட்ரையல் சார், எந்த ஒத்திகையும் இல்லாமல், பெரியப்பா முன்னால் போய் நின்று செல்போனை நீட்டினார்.

"ஐயா, தப்பு என்னுதுங்க. இவங்க மேல கோவிச்சுக்காதீங்க. இதப் பாருங்க, இந்தச் செகப்பு நீங்கதானுங்க. ஒரு மாசமா உங்களை உக்கார வெச்சுப் பாத்துட்டே இருக்கறேன். ஒருக்காக்கூட நீங்க நிக்கலீங்க. சாப்பிட்டுப்போட்டுப் பேசறதுக்குத்தான் பொம்மைகளுக்குச் சொல்லித்தர மறந்துட்டேனுங்க."

பெரியப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இதா நானு? ஏன் தம்பி, வயித்தை இவ்வளவு பெருசா வரைஞ்சிருக்கிய?"

"பெரியவரா தெரியோணும்னுங்க..."

"எனக்குப் பாயசம் போட்டாங்களா?"

"ரெண்டு தடவைங்க ஐயா."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு மட்டம் போடுங்க, பாப்போம்" என்றார். தான் சாப்பிடுவதைத் தானே பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, உள்ளே முதல் பந்தி எழுந்து இலை மாற்றியதுகூடத் தெரியவில்லை. பிறகு ட்ரையல் சாரின் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் பக்கத்து இலையில் உட்கார வைத்துக்கொண்டார்.

இப்போது என் மகளைப் பெரியப்பாதான் உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ட்ரையல் சாரும் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கிருத்திகைக்குக் கிருத்திகை முருகன் சன்னிதியில் குடும்பத்தார் பெயர்களைச் சொல்லி அர்ச்சனை செய்யும்போது, கடைசியில் அவர் பெயரையும் சொல்வேன்.

"நட்சத்திரம்?" என்று ஒருமுறை கேட்டார் குருக்கள்.

"தெரியாது சாமி."

"உறவுக்காரர் நட்சத்திரம்கூடவா தெரியாது?" என்று கடிந்துகொண்டார்.

உறவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.