என் நாற்காலிகளுக்குக் கால் வந்த விவரம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. உன் அக்கா உட்பட இங்கே அனைவரும் நலம். நீ நலமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்கிறேன். பதில் போட்டே ஆக வேண்டும் என்றில்லை.

ஆறு மாதத்துக்கு முன், நம் மரச்சாமான் கடைக்கு நீ இணையதளம் செய்து கொடுத்த அன்று, "உக்காந்த இடத்துல நாலு எழுத்து தட்டுறதுக்குப் பேரு வேலையா?" என்று நான் ஏதோ விளையாட்டாகக் கேட்கப்போக, "இனிமே இதுல எது கெட்டாலும் நீங்களே பாத்துக்கங்க அத்தான்" என்று நீ படியிறங்கியதும், "பாத்துக்கறேன், உன்னைக் கூப்பிட்டா என் பேரை மாத்திக்கறேன்" என்று நான் வாசல்வரை வந்து கத்தியதும் உனக்கு நினைவிருக்கும். என் பெயர் இன்றும் அதேதான் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

மூன்று வாரமாக, கடையில் புதிதாக எடுத்த படங்களெல்லாம் இணையதளத்தில் பாதிதான் தெரிந்தன. மேசையின் மேற்பலகை பளபளவென்று இருக்கும், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மகளிர் விடுதி ஒன்றுக்கு அறுபது மேசை, அறுபது நாற்காலி வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த காப்பாளர் அம்மா போன் செய்து, "ஏங்க, கால் தனியா வருமா, நாங்களே பொருத்திக்கணுமா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர்கள் குழு கூடிப் பார்க்கும், அதற்குள் சரியாகாவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களாம். உன் அக்கா, "என் தம்பிக்கு ஒரு போன் போட்டா என்ன?" என்றாள். நான் காது கேட்காதவன்போல் நாற்காலியைத் துடைத்தேன்.

முதலில் போட்டோகிராபரைப் பிடித்துக் காய்ச்சினேன். அவர், "புதுக் கேமரா சார், இதுல எறும்பு மீசைகூடத் தெரியும்" என்று ரோஷப்பட்டு, பத்தடி பின்னால் போய் எடுத்தார். இணையதளத்தில் மின்விசிறி முழுசாகத் தெரிந்தது, சுவர்க் கடிகாரம் மணியோடு தெரிந்தது, நாற்காலி மட்டும் மறுபடி முடம். சரி, கீழ்ப்பாதியைத்தானே விழுங்குகிறது, ஏமாற்றிவிடலாம் என்று நாற்காலியைத் தலைகீழாக நிறுத்தி எடுத்தோம். நான்கு கால்களும் கம்பீரமாக வானத்தைப் பார்த்தன, உட்காரும் இடத்தைக் காணோம். அதைப் பார்த்த நம் தச்சர், "நான் முழுசாத்தாங்க செஞ்சு அனுப்பினேன்" என்று கண் கலங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குத் துணிந்து, டேட்டாபேஸிலிருந்து படத்தை எடுத்துக் காட்டும் உன் ஸ்கிரிப்டைத் திறந்தேன். முப்பத்தெட்டு வரி. ஒரு வரியாவது புரிந்தால் கேள்! ஆனால் நட்டநடுவில் ஒன்று மட்டும் அழகான தமிழில் இருந்தது: 'அத்தான் இதில் கை வைக்கக் கூடாது.' எனக்கு வந்ததே கோபம்! என் கடை, என் நாற்காலி, எனக்கே தடையா? அந்த வரியை ஒரே அழுத்தில் அழித்துவிட்டு, அதே வேகத்தில் சாப்பிடப் போனேன். உன் அக்கா பரிமாறிவிட்டுப் பின்கட்டுக்குப் போனவள் வெகுநேரம் கழித்து வந்து, "இப்போ போயி எல்லாப் படத்தையும் புதுசா ஏத்திப் பாருங்களேன்" என்றாள். அலட்சியமாகத்தான் ஏற்றினேன். மைத்துனா, கால்! ஒவ்வொரு மேசைக்கும் நான்கு கால், ஒன்றுகூடக் குறையவில்லை! நாலரை மணிக்குக் காப்பாளர் அம்மா கூப்பிட்டு, "அறுபதும் உங்ககிட்டதாங்க" என்றார். தச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோகிராபர் என்னை 'இன்ஜினியர் சார்' என்கிறார். நான் மறுக்கவில்லை.

ஆகவே குறை எங்கே இருந்தது என்பது விளங்கியிருக்கும். முதலாளியை மதிக்காத வரியை உள்ளே வைத்தால் எந்த இயந்திரத்துக்குத்தான் வேலை ஓடும்? படித்தவன் நீ கண்டுபிடிக்காததை, உட்கார்ந்த இடத்தில் ஓர் எழுத்துகூடத் தட்டாமல், அழித்தே சாதித்தேன். நீ சகல நலன்களும் பெற்று, அடுத்தவர் கடையில் வீண் வரி எழுதாமல் நீடு வாழ்க.

இப்படிக்கு,
யார் உதவியும் இன்றிக் கால் வரவழைத்த
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்தத் தமிழ் வரி மனிதர்கள் படிப்பதற்காம். இயந்திரம் அதை ஏறிட்டும் பார்க்காதாம். புதுக் கேமராவின் படங்கள் கனமாம், டேட்டாபேஸில் ஒதுக்கிய இடத்தில் பாதிதான் அடங்கியதாம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் உனக்குப் போன் செய்ய, நீ உன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு, அங்கிருந்தபடியே இடத்தைப் பெரிதாக்கினாயாம். "அத்தான்கிட்டச் சொல்லாதக்கா, அவரே பண்ணதா இருக்கட்டும்" என்றாயாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று நான் பேசியது தப்பு. இதையெல்லாம் கேட்டபிறகு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். ஆனால் கிழித்துவிட்டால், உன்னிடம் முதலில் பேச எனக்கு வேறு சாக்கு கிடைக்காது.