எல்லாத் தோணியும் நீலம்

றிஸ்வான் காக்கா, நான் இதை எழுதுவது தெரிந்திருந்தால் தூரிகையின் பின்பக்கத்தால் என் மண்டையில் ஒன்று போட்டிருப்பாய். இனிப் போட ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். றிஸ்வான் என் மூத்த சகோதரர். கல்முனையில் கடைப் பலகைகளும் ஓட்டோக்களின் பின்பக்கமும் எழுதினவர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவருக்குப் பெயின்ட் வாளி தூக்கினேன். பிறகு பலகையை மெஷினில் அச்சடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் வேலை படுத்தது. காக்கா கட்டாருக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்தார். அன்றிலிருந்து உம்மா சோற்றுக்கு உப்புப் போட மறந்தா.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு திட்டக்காரர் வந்தார். கடற்கரையை அழகாக்கினால் ஊர் எழும்பும், பார்க்க ஆட்கள் வருவார்கள், கடைகள் வரும், பொடியன்மார் வெளிநாடு போகத் தேவையில்லை என்றார். முதலில் நாங்கள் ஒரு துண்டுக் கரையில் பெயின்ட் அடித்துக் காட்ட வேண்டும். நன்றாக வந்தால் முழுக் கரையின் வேலையும் எங்களுக்குத்தான். காக்கா கட்டார் ஏஜென்சிக்குப் போன் எடுத்து, "கொஞ்சம் பொறுங்க" என்றார். உம்மாவின் சோற்றில் உப்புத் திரும்பி வந்தது.

"டிசைன் யார் செய்றது?" என்று திட்டக்காரர் கேட்டார்.

காக்கா என்னைக் காட்டினார். "தம்பிதான்."

(எனக்கு அப்போது டிசைன் என்றால் சேர்ட்டில் இருக்கும் பூ.) அன்று பின்னேரமே காதில் ஒரு பென்சிலைச் செருகினேன். ஜும்ஆவுக்கும் அதோடுதான் போனேன். சுஜூதில் நெற்றியை வைத்தபோது கழன்று உருண்டு முன் வரிசைக்குப் போனது.

போனில் ஒரு வெளிநாட்டு ஊரைப் பார்த்தேன். ஊரே நீலமும் வெள்ளையும்.

"காக்கா, எங்கட தோணியெல்லாத்துக்கும் இப்பிடி அடிச்சா எப்பிடி இரிக்கும்?"

"எல்லாத்துக்குமா?"

"ஓம். ஒண்டு மாறினாலும் அழகு கெட்டுப் போகும்."

காக்கா தாடியைச் சொறிந்தார். முழுக் கரையையும் நினைத்தார் போல. சரி என்றார்.

பெயின்ட் ஓசி என்றதும் தோணிக்காரர்களும் சரி என்றார்கள். கடல் குழம்பித் தொழில் நின்றிருந்த நாட்கள் அவை. தோணிகள் கரையில் கிடந்தன. வரிசையாக நீலம் அடித்தோம். பதிவு இலக்கத்தையாவது சும்மா விட்டேனா? அழகைக் கெடுக்கிறது என்று உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. தோணி கடலில் ஒரு பொட்டாகத் தெரியும்போதே நிறத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார்கள். சிவப்பென்றால் எங்கள் மாமா. நிறம் தெரிந்ததும் அந்தத் தோணியை இழுக்கிறவர்கள் எழும்புவார்கள், அதன் வியாபாரி ஐஸ் பெட்டியைத் தூக்குவார், வீட்டுக்குப் போன் போகும். இது எனக்கும் தெரியும். காதில் பென்சில் இருந்ததால் மண்டைக்குள் ஏறவில்லை.

கடல் அடங்கித் தோணிகள் போன முதல் நாள். அவை திரும்பி வருவதைப் பார்க்கத் திட்டக்காரர் காலையிலேயே விருந்தாளிகளோடும் கமராவோடும் வந்தார். தூரத்தில் நீலப் பொட்டுகள் தெரிந்தன. கரையில் எல்லாரும் எழும்பினார்கள். எழும்பியபடியே நின்றார்கள்.

"அது ஆர்ர தோணி?"

"எங்கட."

"போடா, அது எங்கட."

முதல் தோணிக்கு எல்லாரும் ஓடினார்கள். அது தங்களுடையது இல்லை என்று அடுத்ததற்கு ஓடினார்கள். ஐஸ் பெட்டிகளும் கூடவே ஓடின. ஒருவருடைய சூரை மீன் இன்னொருவர் பெயரில் ஏலம் போனது. திட்டக்காரர் வீடியோ எடுத்துக்கொண்டே விருந்தாளிகளிடம் சொன்னார்: "பாருங்க, மக்களுக்கு எவ்வளவு உற்சாகம்."

அப்போது மாமி வந்தா, மாமாவின் மனைவி. கடலுக்கு வெளிக்கிடும்போதே மாமாவின் எஞ்சின் இருமியதாம். போனும் வேலை செய்யவில்லை.

"மனே, மாமாட தோணி வந்துட்டா?"

மாமா கரையில் இல்லை. கடலில் இன்னும் சில நீலங்கள் தெரிந்தன. எது அவருடையது, அவருடையது அதில் இருக்கிறதா, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"சிவப்பெண்டா இஞ்ச இருந்தே கண்டிருப்பன்" என்றா மாமி. ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு நீலம் கிட்ட வரும்போதும் எழும்புவா. வேறு ஆள் இறங்குவார். இவ திரும்ப மணலில் குந்துவா. அதைப் பார்க்க முடியாமல் காக்கா கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இலக்கம் வாசிக்கப் போனார். அங்கிருந்து கத்தினார்:

"ஆர்ரா இவ்வளவு சின்னனா எழுதின?"

நான் பென்சிலை மணலுக்குள் புதைத்தேன்.

கடைசியாக ஒரு நீலம் மெதுவாக வந்தது. அதன் முன்பக்கத்தில் ஏதோ சிவப்பாக ஆடியது. மாமாதான். மனைவி தேடுவா என்று தெரிந்து, உடுத்திருந்த சாரனைக் கழற்றித் துடுப்பில் கட்டி ஆட்டிக்கொண்டு வந்தார். உடம்பில் மிச்சம் ஒரு பெனியனும் கட்டைக் காற்சட்டையும். கமரா அவரை விட்டு நகரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றா மாமி. அடுத்த மூச்சில் முக்காட்டால் முகத்தை மூடினா. "இந்த மனிசனுக்கு வெக்கமே இல்லியா?"

மாமா இறங்கி நேரே என்னிடம் வந்தார். "டிசைன்காரர், என்ட பொஞ்சாதிக்கு என்னத் தெரியணும் எண்டா நான் ஒவ்வொரு நாளும் அவுக்கணுமா?"

அந்த வீடியோவோடு போன திட்டக்காரர் பிறகு வரவில்லை. முழுக் கரையின் வேலையும் கைவிட்டுப் போனது. காக்கா திரும்ப ஏஜென்சிக்குப் போன் எடுத்தார். உம்மா அன்று சோறே ஆக்கவில்லை.

அடுத்த நாள் மாமா அந்தச் சாரனோடு வந்தார். மருதமுனையில் நெய்த சிவப்புக் கட்டச் சாரன்.

"றிஸ்வான், சிவப்பத் திரும்ப அடி. முன்னுக்கு இந்தக் கட்டத்த அப்பிடியே கீறு. தூரத்திலயே அவ கண்டு சிரிக்கட்டும்."

காக்கா சாரனை மணலில் விரித்து, கோடு கோடாகப் பார்த்துத் தீட்டினார். அதைக் கண்டு மற்றத் தோணிக்காரர்களும் ஆளுக்கொரு சாரனோடு வந்தார்கள். ஒருவர் மகளின் கலியாணச் சாரியைக் கொண்டுவந்தார். ஒன்றைப்போல் ஒன்று வரக்கூடாது என்பது மட்டும் சட்டம். (அதை என் முகத்தைப் பார்த்தபடி சொன்னார்கள்.) இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அக்கரைப்பற்றிலிருந்தும் ஆட்கள் வந்து அந்தத் தோணிகளோடு படம் எடுக்கிறார்கள். வடைக் கடைகள் வந்திருக்கின்றன, ஒரு சர்பத் கடையும். காக்கா கட்டார் போகவில்லை. பாஸ்போர்ட் அலுமாரிக்குள்ளேயே காலாவதியானது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் தேத்தண்ணிக் கோப்பை மாறினால், "தம்பி டிசைன் செஞ்சிட்டான்" என்பார்கள்.

போன நோன்புக்கு முன்னர் காக்கா காய்ச்சலில் படுத்தார். எழும்பவில்லை. ஜனாஸா அன்று ஒரு தோணியும் கடலுக்குப் போகவில்லை. தொழுதுவிட்டு வெளியே வந்தால் பள்ளிவாசல் முற்றம் முழுக்கச் செருப்பு. எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பு ரப்பர். ஒருவருக்கும் தன்னுடையது தெரியவில்லை. மாமா அழுதபடி குனிந்து தேடினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதயும் நீதானாடா டிசைன் செஞ்ச?"

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்தச் செருப்புகளுக்கு நடுவிலேயே குந்தி அழுதேன். மாமா தேடுவதை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து காக்கா கிடந்த சந்தூக்கைத் தோளில் வாங்கினார். மற்றவர்களும் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

அவர் தீட்டிய தோணிகள் இன்றைக்கும் கடலுக்குப் போய் வருகின்றன. தூரத்தில் வரும்போதே யாரோ ஒருவர் தங்களுடையதைக் கண்டு எழும்புகிறார். இதை வாசித்து முடித்தவர்கள், என் காக்கா றிஸ்வான் உறங்கும் கபுரை அல்லாஹ் விசாலமாக்க வேண்டும் என்று ஒரு துஆ கேளுங்கள். எனக்கு அது போதும்.