படிவத்தின் பின்பக்கம்

ஓஹாயோ,
பிப்ரவரி 11

பெருமதிப்பிற்குரிய அக்கா பெர்னிஸ் அவர்களின் சமூகத்திற்குத் தம்பி செஸ்டர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வலது முழங்காலும் நலம். இடது முழங்காலைப் பற்றிக் கேட்க வேண்டாம். அங்கே புளோரிடாவில் நீயும், அத்தானும், அத்தானின் ரத்த அழுத்தமும் அளவோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்தது. அடியில் ஆறு பழம் நசுங்கியிருந்தது. அது தபால்காரன் குற்றமில்லை, நீ அடுக்கிய லட்சணம்.

நிற்க. ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் கிடக்காமல் பள்ளிக்கூடத்துக்கு உளவு பார்க்கப் போயிருக்கிறான் என்று நீ போனில் சிரித்தாயே, அந்த வேலையில் போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், கேள். ஆகஸ்டில் இங்கே பள்ளிகளின் எல்லையை மாற்றியதிலிருந்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் மேட்டுப் பள்ளிக்கு, அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஆற்றங்கரைப் பள்ளிக்கு என்று ஆகிவிட்டது. மேட்டுப் பள்ளியில் இடம் போதவில்லை. அதனால் யார் உண்மையிலேயே எந்தப் பக்கம் தூங்கி எழுந்திருக்கிறார்கள் என்று காரில் ஒளிந்திருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருஷம் தபால் போட்டவன், வீடு வீடாக ஊரைத் தெரிந்தவன் என்று என்னை எடுத்தார்கள். எனக்கு ஊரைத் தெரியும் என்று யோசித்தவர்கள், ஊருக்கும் என்னைத் தெரியுமே என்று யோசிக்கவில்லை.

போன திங்கட்கிழமை எனக்குக் கொடுத்த முகவரி பிளம் தெரு பதினேழு. டெஸா என்று பத்து வயதுப் பெண், ஐந்தாம் வகுப்பு. அவள் அந்த வீட்டில் இல்லை என்று எந்தப் புண்ணியவானோ பெயர் சொல்லாமல் புகார் போனில் போட்டுக்கொடுத்துவிட்டான். காலை ஆறு மணிக்குப் போய், பனி கொட்டுகிற தெருவில் விளக்கை அணைத்து, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது, எதிர்வீட்டு நாய் வேலியைத் தாண்டி வந்து கார் மூக்கின் மேல் ஏறி நின்று ஊளையிட ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் பதினோரு வருஷம் அதற்கு பிஸ்கட் போட்டவன் நான்தானே. நாய்ச் சத்தம் கேட்டு ஸ்டெல்லா கிழவி இரவு உடையோடு வந்து கண்ணாடியைத் தட்டி, அவளுக்கு நாலு வருஷம் முன்னால் வர வேண்டிய விதை நிறுவனத்தின் விலைப்பட்டியல் என்ன ஆனது என்று விசாரித்தாள். அவள் போவதற்குள் மூலை வீட்டுக்காரர் ஒரு கடிதத்தை நீட்டி, போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடச் சொன்னார். நான் இப்போது தபால்காரன் இல்லை ஐயா என்றால், அப்புறம் இந்தக் குளிரில் இங்கே என்ன செய்கிறீர் என்கிறார். ஏழு மணிக்கு என் காரைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். உளவு பார்க்கிறவனுக்கு யாரோ சூடாக டோனட் வேறு கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

இத்தனைக்கு நடுவிலும் ஏழேகால் ஆனதும் பதினேழாம் எண் வீட்டின் பக்கவாட்டுச் சந்திலிருந்து அந்தப் பெண் பையோடு வந்தாள், பேருந்தில் ஏறினாள். மூன்று நாளும் அப்படியே. மூன்று நாளும் படிவத்தில் ‘வசிக்கிறாள்’ என்று எழுதினேன். நாலாம் நாள்தான் என் புத்தியில் உறைத்தது. வாசல் தபால் பெட்டி பிதுங்கிக்கொண்டிருந்தது, அக்கா. விளம்பரத் தாள்கள் ஐந்து வாரத்தவை. ஆள் இருக்கிற வீட்டில் பெட்டி அப்படிப் பிதுங்காது, இது எனக்குத் தெரியாதா? வீடு காலி. அவள் வேறெங்கிருந்தோ விடியுமுன் வந்து, அந்தச் சந்தில் பனியில் நின்று, பேருந்து வரும்போது வீட்டிலிருந்து வருகிற மாதிரி வருகிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று படிவத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அன்றைக்கு அவளே நேராக என் காரை நோக்கி வந்தாள். பின்னாலேயே, சந்து வரை கூட வந்திருந்த அவள் அம்மா டார்லீன், மருத்துவமனைச் சலவைக்கூடத்துச் சீருடையில், முகம் வெளிறிப்போய் ஓடிவந்தாள்.

“நீங்க என்னைத்தானே பாத்துட்டிருக்கீங்க?” என்றாள் குட்டி. “அம்மாவைத் திட்டாதீங்க. சந்துல நிக்கிற யோசனை என்னுது. அம்மாவுக்குப் பொய் சொல்லவே வராது, உடனே மாட்டிக்குவாங்க.”

விதிப்படி அவர்கள் தூங்குகிற இடத்தையும் பார்க்க வேண்டும், படுக்கை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம். சாயங்காலம் போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், டார்லீனின் தங்கை வீடு. இரண்டே அறை. தங்கைக்கு மூன்று பிள்ளைகள். டெஸாவும் அம்மாவும் ஒரே சோபாவில், ஒருத்தி தலைமாடு மற்றவள் கால்மாடு. வீட்டுக்காரன் பிளம் தெரு வீட்டை விற்றுவிட்டான், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வெளியே போகச் சொல்லிவிட்டான். இந்த வாடகைக்கு இந்தப் பக்கம் வேறு வீடு அமையவில்லை. மூன்று வருஷத்தில் நாலு பள்ளி மாறிய பிள்ளை, அக்கா. மேட்டுப் பள்ளியில்தான் முதல்முறையாக ஒரு முழு வருஷம் படித்து, ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போய், அவளை வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நிலைத்திருக்கிறாள். நான் ‘வசிக்கவில்லை’ என்று எழுதினால் திங்கட்கிழமை ஐந்தாவது பள்ளி. தங்கைக்காரி எனக்குத் தட்டு நிறைய மக்ரோனி வைத்தாள், அப்படியே வைத்துவிட்டேன். நான் சாப்பிடாமல் எழுந்தேன் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசி.

மறுநாள் அலுவலகத்தில் படிவத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்ததைப் பார்த்து, அங்கே எழுத்தராக இருக்கும் லோரெய்ன் கிட்டே வந்தாள். படிவத்தைப் பிடுங்கித் திருப்பிப் போட்டாள். ஆறு மாசமாக நான் திருப்பியே பார்க்காத பக்கம். வீட்டை இழந்து சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளைக்கு எல்லைக்கோடு கிடையாது, படித்த பள்ளியிலேயே படிக்கலாம், பேருந்தையும் பள்ளிதான் அனுப்ப வேண்டும். சட்டமே அப்படித்தானாம். பெற்றவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

நான் தலைகால் புரியாமல் ஆற்றைத் தாண்டி ஓடினேன். டார்லீன் படித்துப் பார்த்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள். “வீடில்லாதவள்னு எம் பொண்ணு பேருக்குப் பக்கத்துல எழுதணுமா? நான் ஒரு நாள் வாடகை பாக்கி வெச்சதில்லீங்க. போட மாட்டேன்.”

நான் வாயைத் திறந்து என்னென்னவோ சொன்னேன், ஒன்றும் எடுபடவில்லை. அவள் மானம் அவளுக்கு. கடைசியில் சோபா மூலையில் காலுறையை மாட்டிக்கொண்டிருந்த டெஸாதான் தலையை நிமிர்த்தினாள்.

“போடும்மா. பஸ் இங்கயே வரும்னா நான் ஏழு மணி வரைக்கும் தூங்குவேன். நீயும்தான்.”

டார்லீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கையெழுத்துப் போட்டாள். எனக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது, குளிர்தான் காரணம் என்று சொல்லி வைத்தேன். இன்று காலை பேருந்து அவள் வாசலிலேயே வந்து நின்றது.

ஆனால் என் அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. ‘வசிக்கிறாரா இல்லையா, அதைப் பாக்கத்தான் உமக்குச் சம்பளம், பின்பக்கம் உம்ம வேலை இல்லை’ என்று எல்லார் முன்னாலும் கத்தினார். உளவு பார்க்க அவர் கொடுத்த பைனாகுலரை அவர் மேசையில் வைத்தேன், வந்துவிட்டேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா? இனிமேல் உண்டு, உறங்கி, பனி தள்ளி, கிடந்துவிடப் போகிறேன். அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் வெயில் காய்கிறேன், அறையைத் துடைத்து வை.

அத்தானுக்கு என் வணக்கம், உப்பைக் குறைக்கச் சொல். உன் வாசலில் நல்லதே வந்து இறங்கட்டும், கெட்டது முகவரி தெரியாமல் திரும்பிப் போகட்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உன் தம்பி,
செஸ்டர் நொவோட்னி

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். அறையைத் துடைக்க வேண்டாம். வேலையை விட்டேன் என்பதையும் அடித்துவிடு. சற்று முன் லோரெய்ன் வீட்டுக்கே வந்தாள். நடந்ததைப் பெரிய அதிகாரியிடம் அவள் போட்டு உடைத்திருக்கிறாள், அவர் ஆகஸ்டிலிருந்து வெளியே அனுப்பிய பிள்ளைகள் அத்தனை பேரையும் மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டார். இருபத்துமூன்று பேர். கடிதம் போட்டார்களாம், பாதி திரும்பி வந்துவிட்டது, அவர்களெல்லாம் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, தேடத் தெரிந்த ஆள் வேண்டுமாம். பட்டியலைப் பார்த்தேன். மூன்றாவது, நான்காவது பெயர்கள் ஒரு அக்கா, தங்கை. செப்டம்பரில் பொய் முகவரியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று உன்னிடம் போனில் பீற்றிக்கொண்டேனே, அவர்கள்தான். காரிலிருந்து போர்வையோடு இறங்கினார்கள் என்று என் கையால் எழுதினேன். ஏன் காரில் தூங்கினீர்கள் என்று கேட்கவில்லை. நாளைக் காலை கிளம்புகிறேன். இந்தத் தடவை ஒளிந்து உட்காரப் போவதில்லை, ஒவ்வொரு கதவாகத் தட்டப் போகிறேன்.