மிராசு படுத்த இடம்

பதினைந்து நாளில் அந்த நாய் வீட்டை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் நான் போகிறேன் என்று முடிவெடுத்தேன். இரண்டாவது பாதியை என் மனைவி சுந்தரியிடம் சொல்லவில்லை. அவள் அதற்குச் சம்மதித்துவிட்டால் என்ன செய்வது?

என் பெயர் இராஜாங்கம். பெயரில் மட்டும்தான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை. ஆட்சி சுந்தரியுடையது.

மிக்ஸி ஜாருக்கு பிளேடு மாற்றத் தஞ்சாவூர் போனவள், சாயங்காலம் நாயோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"ஜார் எங்கே?"

"கடையில குடுத்திருக்கேங்க. பதினஞ்சு நாள் ஆகுமாம்."

"இது?"

"நாய்க் காப்பகத்துலேருந்து கூட்டிட்டு வந்தேன். பதினோரு வயசு. வளர்த்தவங்க வீட்டை வித்துட்டுப் போறப்ப கேட்டுலயே கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்களாம்."

"ஒரு குட்டி கூடவா கிடைக்கலை?"

"குட்டிய யார் வேணா கூட்டிட்டுப் போவாங்க."

"இது குரைக்குமா?"

"எதுக்குங்க? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது. வாயில் நாலு பல். காது சுத்தமாகக் கேட்காது. நொண்டி நொண்டி நேராக என்னிடம் வந்து, என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்தது. செருப்புக்குள் என் கால் இருந்தது.

"படுத்த இடத்துக்குச் சோறு வரணும், வேலை மட்டும் கிடையாது. பெரிய மிராசு."

"நல்ல பேரா இருக்குங்க," என்றாள். இப்படியாக, நாய்க்குப் பெயர் வைத்தவனும் நானே ஆனேன்.

"பதினஞ்சு நாள் பாப்பேன். பிரயோசனம் இல்லைன்னா நானே தஞ்சாவூர்ல கொண்டுபோய் விட்டுடுவேன்."

"சரிங்க."

இருபத்தாறு வருடத்தில் அவள் உடனே 'சரிங்க' என்று சொன்ன எதுவும் எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. அப்போது அது ஞாபகம் வரவில்லை.

புரட்டாசி மாதம். குறுவை அறுத்த நெல் ஈரமாக இருந்தது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ஊர் வழக்கப்படி தார் ரோட்டில் பாதியைப் பிடித்துக் காயப் போட்டேன். வழக்கமாக எல்லைக்கு ஓரமாகக் கல் வைப்போம். பஸ்காரர்கள் கல்லைத் திட்டுவார்கள், பிறகு கல்லை வைத்தவனின் தாத்தா வரைக்கும் போவார்கள். அன்று கல்லுக்குப் பதிலாக மிராசைக் காவலுக்கு அழைத்துப்போனேன். திட்டம் இதுதான்: நாய் தூங்கும், ஆடு மேயும், நான் போனில் படம் எடுப்பேன், சுந்தரியிடம் வழக்கு ஜெயிக்கும்.

நடு நெல்லில் படுக்க வைத்தேன். அது எழுந்துபோய், நான் கல் வைக்கும் அதே ஓரத்தில் படுத்தது. அந்த நேரம் பார்த்து மயிலாடுதுறை பஸ் வந்தது. போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் பஸ் நின்றுவிட்டது.

"வயசான ஜீவன் போலிருக்கே. பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, டிரைவர் ஒரு நெல்மணி நசுங்காமல் ஒதுங்கிப் போனார். ஏழு வருடமாக என் தாத்தாவைத் திட்டிக்கொண்டிருக்கும் டிரைவர் அவர்.

ஆடு வந்தது. நான் விரட்டினேன். மிராசு என் பின்னாலேயே நொண்டி வந்து, ஆடு போனதும், 'பரவாயில்லை, கத்துக்கிட்டே' என்பதுபோல என்னைப் பார்த்தது.

மத்தியானம் அதற்குக் குடை பிடித்தேன். பாசமில்லை. சாட்சியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமல்லவா? தயிர்சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டியதும் அதற்காகத்தான். இடையில் மழை வந்தது. நெல்லை மூடத் தார்ப்பாய் பத்தவில்லை. நாயை மூடப் பத்தியது.

பதினாலாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு வீரையன் முழங்கால் சேறோடு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, நாளைக்கு நாயைத் திருப்பி விடப் போறீங்களாமே? எனக்குக் குடுங்க. நெல்லு காயப் போட்டா காவலுக்கு ஆகும்."

"அதுக்குக் காது கேக்காதுப்பா."

"கேக்க வேணாம். படுத்தா போதும்."

"பின்னங்கால் இழுக்கும். தினம் எண்ணெய் தேய்க்கணும்."

"தேய்ச்சுட்டாப் போச்சு."

"நான் பிசைஞ்சு குடுத்தாத்தான் திங்கும்."

"ரெண்டு நாள் பட்டினி போட்டா யார் குடுத்தாலும் திங்கும்ணே."

"என் நாயை எவனுக்கும் குடுக்க மாட்டேன் போடா."

தெருவுக்கே கேட்டது. மிராசுக்கு மட்டும் கேட்கவில்லை. சுந்தரி ஒரு கையில் காகிதமும் மறு கையில் பேனாவுமாக வந்தாள்.

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. வளர்க்கறதுக்கு வீட்டுல ரெண்டு பேரும் சம்மதிக்கணும்னு காப்பகத்துல சொன்னாங்க."

போட்டேன். அவள் கையெழுத்து ஏற்கனவே இருந்தது. அதன் கீழே பதினாலு நாள் பழைய தேதி. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். மூன்று டம்ளர். வீரையன் நின்றபடியே குடித்தான்.

"வரேன் அண்ணி. பறிச்ச நாத்து அப்படியே கெடக்கு."

"நாத்தா?" என்றேன். "நீ குறுவை அறுக்கலை?"

"தம்பி இந்த வருஷம் குறுவையே போடலையேங்க," என்றாள் சுந்தரி. "இப்பத்தானே சம்பா நடுறாரு."

முப்பது வருட விவசாயி நான். காலில் நடவுச் சேறோடு வந்தவனிடம், காயப்போட நெல் ஏதடா என்று கேட்கத் தோன்றவில்லை. வீரையன் சுந்தரியை ஒரு தரம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டினான். மிராசு என் செருப்பின் மேல் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. நான் காலை அசைக்காமல் நின்றேன்.

சுந்தரி டம்ளர்களை எடுத்தாள்.

"நாளைக்கு எப்படியும் தஞ்சாவூர் போறதாத்தானே இருந்தீங்க? அந்த ஜாரை வாங்கிட்டு வந்துடுங்க."