மூக்கம்மா சிரித்த படலம்

கப்பலேறிக் கடல் கடந்து வந்தவளும், ஓவேலித் தேயிலைச் சரிவின் பச்சைப் பெருங்கடலை நாள்தோறும் விரல்களால் கடைபவளும், மூன்று பிள்ளைகளையும் பெற்ற கையோடு கொழுந்துக் கூடையை முதுகிலேற்றிக் களம் புகுந்தவளும், சிரிப்பு என்னும் கொடும்பகையைப் பல்லாண்டாய்த் தன் உதட்டின் எல்லை தாண்டவிடாதவளுமாகிய மூக்கம்மா வாழி. அவள் காத்த கோட்டையும் வாழி.

அது எந்தக் கோட்டை என்பீர். துடியிடை என்றும் கொடியிடை என்றும் பாடிக் களித்த புலவர் பெருமக்கள், இடைக்குச் சற்றுக் கீழே ஒரு நீர்க்கோட்டை உண்டென்பதையும், பிள்ளைப்பேற்றில் அதன் கதவுத் தாழ் தளரும் என்பதையும் எழுத ஓலை போதாமல் விட்டுவிட்டார்கள். எனவே மூக்கம்மாவுக்குத் தன் துன்பத்தின் பெயர் தெரியாது. இருமினால் கசிந்தது. தும்மினால் கசிந்தது. சிரித்தால் அணையே உடைந்தது. உலகில் தனக்கு மட்டுமே இப்படி என்று நம்பினாள்; அவள் அப்படி நம்புவதற்கு உலகமும் வாயை மூடிக்கொண்டு ஒத்துழைத்தது.

மழைக்காலம் அவளுக்கு நட்பரசு. எல்லோர் சேலையும் இடுப்புவரை நனைந்திருக்க, எந்த நீர் எவருடையது என்று பிரித்தறிய வருணனாலும் ஆகாது. வெயில்காலமோ பகையரசு. அப்போது இருமலை முந்தானையில் நெரித்தாள். தும்மலை மூக்கைப் பிடித்துக் கொன்றாள். சிரிப்பைக் கருவிலேயே அழித்தாள். இத்தனை வெற்றிக்கும் தோட்டம் அவளுக்கு அளித்த பட்டம், ராங்கிக்காரி.

அவளுக்கு எதிரே நின்றவள் பக்கத்து நிரையின் பேரரசி அங்கம்மா. பிணத்தையும் சிரிக்கவைப்பவள் என்று பேரெடுத்தவள். மாசி மாதத்து நண்பகலொன்றில், கொழுந்து எடைபோடும் வரிசையில் நின்று, "இன்னைக்கு இந்த ராங்கிக்காரியச் சிரிக்க வைக்கல, இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று அவள் சூளுரைத்தபோது திசையானைகள் செவிமடுத்தன. செடி கிழிக்காதிருக்க இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்கை அவிழ்த்து, அதிலேயே கொழுந்தை மூட்டை கட்டியிருந்த வேளை அது; வீரர் கவசம் களைந்த வேளை.

முதற்கணையாகத் தன் கணவன் நல்லசாமியின் குறட்டையை எய்தாள் அங்கம்மா. வரிசை குலுங்கியது, மூக்கம்மா பல்லைக் கடித்தாள். அடுத்து மேனேஜர் வீட்டு நாயின் நடையை எய்தாள். மூக்கம்மா தொடையோடு தொடை நெருக்கி, எதிர்மலையை வெறித்துத் தவம் புரிந்தாள். கணைகள் முறிந்து வீழ்ந்தன.

அப்போது தராசுக்கு அதிபதியாகிய சுப்பர்வைசர் செலஸ்டின் வழக்கம்போல் முழங்கினார்: "தண்ணிக் கழிவு ரெண்டு கிலோ." ஈரக் கொழுந்துக்காகக் கழிப்பது அது. மழை பெய்து மாதமாகியிருந்தது.

அங்கம்மா முகம் மாறாமல் கேட்டாள். "ஏன் சார், வானம் காஞ்சு கெடக்கு. நாங்களா கூடைக்குள்ள ஒண்ணுக்கு இருந்தோம்?"

எதை மூக்கம்மா இத்தனை காலம் ஒளித்துவைத்தாளோ அதிலேயே சென்று தைத்தது அந்தக் கணை. சிறையிருந்த சிரிப்பெல்லாம் ஒன்றாய்த் திரண்டு, தொண்டையை மோதிப் பிளந்து, தேயிலைச் சரிவெங்கும் உருண்டோடியது. கோட்டை வீழ்ந்தது. சேலை கறுத்தது, காலடிப் புழுதி சேறானது. வரிசையின் கண்களெல்லாம் அங்கே தாழ்ந்தன. மூக்கம்மா மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறந்துவிட்ட சிரிப்பைக் கொல்லும் வித்தையை அவள் கற்றதில்லை.

வென்ற அங்கம்மா செலஸ்டினிடம் திரும்பினாள். "எங்க சார் பாக்குறீங்க? தராசு முள்ளப் பாருங்க." தன் மூட்டையை அவிழ்த்துக் கொழுந்தைத் தரையில் கொட்டினாள், அந்தப் படங்கை மூக்கம்மாவின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

"இதுக்கா மதினி சிரிக்காம இருந்தே?"

"சின்னவன் பொறந்ததுலேருந்து இப்படித்தான்." சிரிப்பு இப்போது அழுகையாகியிருந்தது.

"எனக்கு இருமுனா வருது. எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்" என்றாள் அங்கம்மா.

இவ்வாறு, நிரை நிரையாய்ப் பகைத்து நின்ற இரு பேரரசுகளும், வெண்மேகம் குடைபிடிக்க, வண்டினம் முரசறைய, பாடாது விட்ட புலவரெல்லாம் விண்ணிலிருந்து நாணித் தலைகவிழ, வரலாறு காணாத உடன்படிக்கையொன்றை அந்தச் சேற்றின்மேல் நின்று செய்துகொண்டன. மறுநாள் இருவரும் லீவு சொல்லிவிட்டு, லேடி டாக்டரைப் பார்க்கக் கூடலூருக்கு பஸ்ஸில் போனார்கள்.