நாக்கு சாரின் இடுப்பு மூட்டு

விருத்தாசலத்தில் நாக்கை வைத்துப் பிழைத்தவர்கள் ஏராளம். வக்கீல், தரகர், மேடைப் பேச்சாளர் என்று வரிசை போகும். ஆனால் ஒரு வார்த்தை பேசாமல், நாக்கை நீட்டியே மாதச் சம்பளம் வாங்கியவர் உலகத்திலேயே எங்கள் நாக்கு சார் ஒருவர்தான்.

நான் கணக்கெழுதிய பீங்கான் கம்பெனியில் அவர் தரம் பார்ப்பவர். சூளையிலிருந்து வந்த சாமானில் பளபளப்புப் பூச்சு இல்லாத இடமாகப் பார்த்து நாக்கை வைப்பார். ஒட்டிக்கொண்டால் உள்ளே நுண்துளைகள் இருக்கின்றன, சரியாக வேகவில்லை என்று அர்த்தம். தூக்கி எறிந்துவிடுவார். கோப்பை, ஜாடி சரி; கக்கூஸ் பீங்கானையும் விட்டுவைக்க மாட்டார்.

“புதுசுதானய்யா, இதுல யாரு உக்காந்தா?” என்பார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கருவேப்பிலங்குறிச்சி போனவர், காபியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து அடியை நக்கியிருக்கிறார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

“வேகாத கோப்பைல காபி குடுக்கிற வூட்ல பொண்ணு குடுக்கணுமா?” என்று எங்களிடம் வந்து நியாயம் கேட்டார். அன்றிலிருந்து என் டீ கோப்பையை நான் டிராயரில் வைத்துப் பூட்ட ஆரம்பித்தேன்.

மிஸ்டு கால் கொடுத்தே ஊர் பேசிக்கொண்ட காலம் அது. ஒரு மழை நாளில் ஜங்ஷன் ரோட்டில் மொபெட்டோடு விழுந்து சாருக்கு இடுப்பு மூட்டு உடைந்தது. டைட்டானியத்தில் செயற்கை மூட்டு வைக்கலாம் என்றார் புதுச்சேரி டாக்டர். அதன்மேல் எலும்பில் உள்ள சத்தையே கொண்ட பீங்கான் பூச்சு இருக்கும். எலும்பு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். பூச்சு என்றதுமே சார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

“எனாமல் தட்டு மாதிரி உள்ள உரிஞ்சிட்டா? நாக்கு வச்சுப் பாக்காம ஒத்துக்க மாட்டேங்க.”

“ஐயா, அது உடம்புக்குள்ள போறதுங்க!” என்றார் டாக்டர்.

“ஆபரேஷன் பண்ணலைன்னா இனிமே நடக்கவே முடியாதாம்ங்க” என்று அவர் மனைவி என்னிடம் அழுதார். நானும் கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை.

கடைசியில் டாக்டரே சிரித்துவிட்டு, நோயாளிகளுக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்த செயற்கை மூட்டு ஒன்றை ஸ்பிரிட்டால் துடைத்து நீட்டினார். “இதே பூச்சுதான். நல்லா பாத்துக்குங்க.”

சார் கண்ணை மூடி நாக்கை வைத்தார். ஒட்டினால் இவர் தூக்கி எறிகிற ஆளாயிற்றே.

“ஒட்டுது!” என்றார். “துளை இருக்குது. எலும்பு பூந்து பிடிச்சுக்கும். பேனா குடுங்க.”

வாழ்நாளெல்லாம் ஒட்டியதைக் கழித்துக்கட்டிய மனிதர், ஒட்டியதற்கு முதல் தடவையாகப் பாஸ் போட்டார்.

சில மாதம் கழித்து, கைத்தடி இல்லாமல் கம்பெனிப் படியேறி வந்தார். அவர் இல்லாத ஆபீஸ் எனக்குப் பிடிக்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. டிராயரைத் திறந்து, என் கோப்பையிலேயே டீ ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். கவிழ்த்தார். நாக்கை வைத்தார்.

“நல்லா வெந்திருக்குது” என்றார்.

அதற்குப் பிறகு அந்த டிராயரை நான் பூட்டவே இல்லை.